இயக்கவியல் சோதனைப் பெட்டி: கருவிகள் தேறும், கையேடு தேறாது

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல் இயக்க விதிகளோடுதான் தொடங்குகிறது. என் அண்ணன் மகள் அந்தப் பாடத்தை வரி பிசகாமல் படித்து வைத்திருக்கிறாள். நியூட்டனின் மூன்று விதிகளையும் கேட்ட மாத்திரத்தில் ஒப்பிப்பாள். ஆனால் ஒரு பந்தை மேலே எறிந்து, அது ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று கேட்டபோது, கை கொடுத்த விசை மேல்நோக்கியும் புவியீர்ப்பு கீழ்நோக்கியும் செயல்படுவதாகச் சொன்னாள். கையை விட்டுப் பிரிந்த பிறகு பந்துக்கும் கைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. காற்றுத்தடையை விட்டுவிட்டால் அதன்மேல் எஞ்சியிருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். நகர்கிற பொருளை ஏதோ ஒரு விசை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மனிதர்களை விட்டு நீங்காதது. விதிகளை ஒப்பிப்பதால் அது போகாது. கையால் செய்து பார்த்தாலாவது போகுமா என்று பார்ப்பதற்காக, 2,850 ரூபாய் கொடுத்து இந்த இயக்கவியல் சோதனைப் பெட்டியை வாங்கினேன்.

பள்ளி ஆய்வகக் கருவித் தொழிலுக்குப் பேர்போன அரியானாவின் அம்பாலாவில் செய்யப்பட்டது என்று பெட்டியின் அடிப்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு மீட்டர் நீள அலுமினியத் தடம், தலா 250 கிராம் நிறையுள்ள இரண்டு வண்டிகள், 50 கிராம் எடைக்கற்கள் பத்து, அவற்றைத் தொங்கவிட ஒரு கொக்கி, மேசை விளிம்பில் பொருத்தும் கப்பி, 5 நியூட்டன் வரை காட்டும் சுருள்வில் தராசு, ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் உப்புத்தாள் ஒட்டியும் உள்ள மரக்கட்டைகள் இரண்டு, சிறிய ரசமட்டம், நூற்கண்டு, ஒரு கையேடு ஆகியவை இருந்தன. எடைக்கற்களை மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 49 கிராமிலிருந்து 51 கிராம் வரை இருந்தன. இந்த விலைக்கு அது குறைசொல்லத் தக்கதல்ல.

நாணயத்தை அட்டையின் மேல் வைத்து அட்டையைச் சுண்டும் சோதனையோடு கையேடு ஆரம்பிக்கிறது. அதற்கு இந்தப் பெட்டியே வேண்டாம், ஒரு டம்ளர் போதும் என்பதால் அதைக் கடந்து போகிறேன்.

பெட்டியின் உயிர் அலுமினியத் தடமும் வண்டிகளும்தான். தடம் நேராக இருக்கிறது. கால்களில் உள்ள திருகுகளைச் சுற்றி ரசமட்டத்தின் குமிழியை நடுவில் நிறுத்த முடிகிறது. வண்டிச் சக்கரங்களில் சிறிய பேரிங்குகள் உள்ளன. முதன்மையான சோதனை இதுதான்: வண்டியில் கட்டிய நூலைக் கப்பியின் மேல் போட்டு, மறுமுனையில் ஓர் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, வண்டி 80 சென்டிமீட்டர் தூரம் ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். ஓய்விலிருந்து சீராக முடுக்கம் பெறும் பொருளுக்கு, தூரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தின் இருமடியால் வகுத்தால் முடுக்கம் கிடைத்துவிடும்.

இங்கே கையேடு முதல் தவறைச் செய்கிறது. தொங்கும் 50 கிராம் கல்லின் எடை 0.49 நியூட்டன், வண்டியின் நிறை 0.25 கிலோகிராம், ஆகவே விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் 1.96 மீட்டர்/வினாடி² என்று ஓர் அட்டவணையே போட்டிருக்கிறது. 0.49 நியூட்டன் விசை இழுப்பது வண்டியை மட்டுமல்ல, தொங்கும் கல்லையும் சேர்த்துத்தான் என்பதை எழுதியவர் மறந்துவிட்டார். நகர்கிற மொத்த நிறை 300 கிராம். எனவே உராய்வே இல்லாத உலகத்திலும் முடுக்கம் 1.63தான் வரும். இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: கல் கீழே இறங்கும்போது அதுவே முடுக்கம் பெறுவதால், நூலின் இழுவிசை கல்லின் எடையைவிடக் குறைவாகவே இருக்கும். கல்லை இன்னும் கனமாக்கிக்கொண்டே போனால், கையேட்டின் கணக்குப்படி முடுக்கம் எல்லையில்லாமல் ஏற வேண்டும். உண்மையிலோ, தடையின்றி விழும் கல்லின் முடுக்கமான 9.8ஐ அது ஒருபோதும் தாண்ட முடியாது. மாணவியின் கையில் கொடுக்கும் கையேட்டில் இந்தப் பிழை சிறியதல்ல. சோதனையில் வேறு எண் வரும்போது பிள்ளை தன் கையைத்தான் சந்தேகிப்பாள், அச்சிட்ட அட்டவணையை அல்ல.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. முதல் நாள் கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தபோது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது. ஏறத்தாழ ஒரு வினாடியில் முடிந்துவிடும் ஓட்டத்தில், விரல் அழுத்துவதில் 0.1 வினாடி பிசகினாலே நேரத்தில் 10 விழுக்காடும், நேரத்தின் இருமடியால் வகுப்பதனால் முடுக்கத்தில் சுமார் 20 விழுக்காடும் பிழை ஏறிவிடும். இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் கைபேசியில் வினாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதியை வைத்துப் படம்பிடித்து, வண்டி கிளம்பிய பிரேமிலிருந்து 80 சென்டிமீட்டர் கோட்டைத் தொட்ட பிரேம் வரை எண்ணினோம். சராசரியாக 252 பிரேம்கள் வந்தன, அதாவது 1.05 வினாடி, முடுக்கம் 1.45 மீட்டர்/வினாடி². கையேட்டின் 1.96 இதற்கு எட்டாக் கனி. எங்கள் திருத்தப்பட்ட 1.63க்கும் சற்றுக் குறைவு. அந்தக் குறையை வீணாக விடவில்லை. 300 கிராமை 1.45ஆல் பெருக்கினால், உண்மையில் செயல்பட்ட தொகுபயன் விசை, அதாவது எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்து எஞ்சும் விசை, 0.435 நியூட்டன். இழுத்தது 0.49. மிச்சமுள்ள 0.055 நியூட்டன் உராய்வுக்குப் போயிருக்கிறது. உராய்வைப் புறக்கணிக்கவும் என்று கையேடு ஒவ்வொரு சோதனையின் தலையிலும் எழுதி வைத்திருக்கிறது. அந்த உராய்வையே அளந்து கையில் கொடுக்கும் அளவுக்கு இந்தத் தடம் நேர்த்தியானது என்பது அதைத் தயாரித்தவர்களுக்கே தெரியவில்லை போலும்.

பழைய பள்ளி ஆய்வகங்களில் ஆசிரியர்கள் செய்யும் ஓர் உபாயம் உண்டு. கப்பிக்கு எதிர்ப்பக்கத்துக் காலின் கீழ் ஏதாவது வைத்துத் தடத்தைச் சற்றே உயர்த்தி, வண்டியின் எடையில் சரிவின் வழியே செயல்படும் சிறு பகுதி உராய்வை அப்படியே ஈடுகட்டுமாறு செய்வார்கள். இந்த உபாயமும் கையேட்டில் இல்லை. நாங்கள் நூலைக் கழற்றிவிட்டு, பழைய நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தோம். உயரம் சுமார் 2 சென்டிமீட்டரைத் தொட்டபோது, வண்டியை விரலால் லேசாகத் தட்டிவிட்டதும் அது வேகம் கூடாமலும் குறையாமலும் தடத்தின் மறுமுனை வரை போனது. படத்தில் எண்ணிப் பார்த்தோம்; முதல் 20 சென்டிமீட்டருக்கும் கடைசி 20 சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் பிரேம்கள் ஆயின. அப்போதுதான் அவள், “இப்ப இதை யாரும் தள்ளலையே சித்தப்பா” என்றாள். சற்றுப் பொறுத்து, “அப்ப பந்துக்கும் கை வேண்டியதில்லை” என்றாள்.

முதல் விதியை நான் எத்தனையோ விதமாக விளக்கியிருக்கிறேன். பேருந்து திடீரென நிற்கும்போது முன்னால் சாய்வதெல்லாம் சொல்லியாயிற்று. ஒரு வண்டி தானாகவே சீரான வேகத்தில் போவதைக் கண்ணால் பார்த்ததற்கு அவை எதுவும் ஈடாகவில்லை. ஒன்றை மட்டும் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வண்டியின் மேல் விசையே இல்லை என்பதல்ல. எடையும், தடத்தின் செங்குத்து விசையும், உராய்வும் அதன்மேல் செயல்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று ஈடுசெய்து, தொகுபயன் சுழியாக இருப்பதால்தான் வேகம் மாறவில்லை. கலிலியோவும் சாய்தளங்களில் பந்துகளை உருட்டித்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் பிரேம் எண்ணும் கைபேசி இல்லை. பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். செங்குத்தாக விழும் பொருளின் வேகம் அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்பதால் விழுதலைச் சரிவில் மெதுவாக்கிக்கொண்டார்.

இப்படி உராய்வை ஈடுகட்டிய பிறகு நூலைக் கட்டி, மீண்டும் 50 கிராமைத் தொங்கவிட்டபோது 240 பிரேம்கள், அதாவது சரியாக ஒரு வினாடி வந்தது. முடுக்கம் 1.6; கணக்குச் சொன்னதோ 1.63. அடுத்து, வண்டியின் மேல் ஆறு கற்களை ஏற்றி மொத்த நிறையை 600 கிராமாக, அதாவது இருமடங்காக ஆக்கினோம். நேரமும் இருமடங்காகும் என்பது அவளுடைய கணிப்பு, வந்ததோ 1.41 வினாடி. முடுக்கம் பாதியாகும்போது, அதே தூரத்துக்கான நேரம் இரண்டின் வர்க்கமூலம் மடங்குதான் கூடும் என்பதை அவள் நோட்டில் தானே போட்டுக் கண்டுபிடித்ததற்காகவே கொடுத்த காசில் ஒரு பகுதியைக் கழித்துவிடலாம்.

விசையை மட்டும் மாற்றி, நிறையை மாற்றாமல் சோதிப்பதற்கும் ஒரு நுணுக்கம் வேண்டும். கொக்கியில் புதிதாக ஒரு கல்லைச் சேர்த்தால் விசையோடு மொத்த நிறையும் கூடிவிடுகிறது. கையேடு அப்படித்தான் செய்யச் சொல்கிறது. அதற்குப் பதில், தேவையான கற்களையெல்லாம் முதலிலேயே வண்டியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாக வண்டியிலிருந்து எடுத்துக் கொக்கிக்கு மாற்ற வேண்டும். மொத்தம் 450 கிராமாக வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று கற்களைத் தொங்கவிட்டால், முடுக்கம் 1.09, 2.18, 3.27 என்று படிப்படியாக ஏற வேண்டும். எங்கள் புள்ளிகள் வரைபடத்தாளில் நேர்கோட்டை விட்டு அதிகம் விலகவில்லை.

கப்பியைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை. பிளாஸ்டிக் சக்கரம், நடுவில் ஒரு கம்பி, பேரிங் கிடையாது, சுற்றும்போது தள்ளாடுகிறது. வண்டிச் சோதனையில் இது பெரிதாகத் தெரியவில்லை. ஜார்ஜ் அட்வுட் 1784இல் விவரித்த எந்திரத்தை இதே கப்பியை வைத்துச் செய்து பார்க்கலாம் என்று இறங்கியபோதுதான் சாயம் வெளுத்தது. ஒரு பக்கம் ஐந்து கற்கள், மறுபக்கம் நான்கு. மொத்தம் 450 கிராம், இழுக்கும் வித்தியாசம் 50 கிராம். மேலே சொன்ன 450 கிராம் வண்டிச் சோதனையின் முதல் படியும் இதுவும் கணக்கில் ஒன்றேதான், இரண்டுக்கும் 1.09 வர வேண்டும். வண்டியில் அதை ஒட்டி வந்தது. கப்பியில் தொங்கவிட்டபோது 0.9ஐத் தாண்டவில்லை. காரணம் தெளிவு: வண்டிச் சோதனையில் கப்பியின் அச்சு ஒரு நியூட்டனுக்கும் குறைவான சுமையைத்தான் தாங்குகிறது, இங்கே ஏறத்தாழ 4.4 நியூட்டன் சுமையைத் தாங்குகிறது. அழுத்தும் விசை கூடினால் உராய்வும் கூடும். பேரிங் வைத்த சிறிய கப்பி ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வது நல்லது.

மரக்கட்டைச் சோதனை எளியது. ஆனால் வியப்புத் தருவது. 200 கிராம் கட்டையைச் சுருள்வில் தராசால் மேசைமேல் இழுத்தால், 0.8 நியூட்டன் வரை அது அசையாமல் நிற்கிறது. அசைந்த பிறகு சீராக இழுக்க 0.6 போதுமானதாக இருக்கிறது. நிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம் என்ற வரியை முள்ளே காட்டிவிடுகிறது. பீரோவை நகர்த்தியவர்கள் எல்லாருக்கும் இது தோள்பட்டை வழியாகத் தெரியும். உப்புத்தாள் பக்கத்தைக் கீழே வைத்தால் இழுவிசை ஏறத்தாழ இருமடங்காகிறது. கட்டையின் மேல் இன்னொரு கட்டையை அடுக்கினாலும் இருமடங்காகிறது. ஆனால், வழவழப்பான பக்கங்களில் அகலமானதை விட்டுக் குறுகலானதைக் கீழே வைத்து இழுத்தால் முள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. தொடும் பரப்பு குறைந்தால் உராய்வும் குறையும் என்று பந்தயம் கட்டிய என் அண்ணன், இரண்டு முறை தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

சுருள்வில் தராசில் எனக்கு இரண்டு மனக்குறைகள். அதன் சிறு பிரிவு 0.1 நியூட்டன் என்பதால், 0.6க்கும் 0.65க்கும் இடையே கண்ணால்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2 நியூட்டன் வரை மட்டும் காட்டும் மெல்லிய வில் ஒன்றை வைத்திருந்தால் இந்தச் சோதனைகளுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். இரண்டாவது, அதன் ஒரு பக்கம் நியூட்டனிலும் மறுபக்கம் கிராமிலும் கோடுகள் உள்ளன. 5 நியூட்டனுக்கு நேராக 500 கிராம் என்றிருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொண்டு போட்ட கோடு அது. 9.8 என்றால் 510 கிராம் வர வேண்டும். இரண்டு விழுக்காடு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வில் அளப்பது விசையை, நிறையை அல்ல என்ற பாடம் அந்த ஒரே அட்டையில் குழம்பிப்போகிறது. நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என்று இடத்துக்கு இடம் மாறுவது எடைதான். நிறை எங்கு கொண்டுபோனாலும் அதே அளவில் இருக்கும். கையேட்டின் தமிழ்ப் பகுதியோ இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, “வண்டியின் எடை 250 கிராம்” என்கிறது. வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: கட்டையைக் கிடைமட்டமாக இழுக்கும்போது, தராசையும் கிடையாகப் பிடித்தே சுழிக்குறியைச் சரிசெய்துகொள்ளுங்கள். தொங்கும்போது கொக்கியின் சொந்த எடை வில்லைச் சற்று இழுத்திருக்கும். படுக்க வைத்தால் அந்த இழுப்பு இல்லாமல் முள் சுழிக்குக் கீழே போய்விடும்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிற மூன்றாம் விதிக்கு வருகிறேன். இங்கேதான் கையேட்டின்மேல் எனக்கு உண்மையான கோபம். மேசைமேல் இருக்கும் புத்தகத்தைப் படமாகப் போட்டு, புத்தகத்தின் எடை விசை என்றும், மேசை அதை மேலே தாங்கும் விசை எதிர்விசை என்றும், இரண்டும் சமமாக இருப்பதால் புத்தகம் அசையவில்லை என்றும் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு விசைகளும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன. மூன்றாம் விதி சொல்லும் இணையோ எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின்மேல் செயல்படும். பூமி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குவதற்கு இணை, புத்தகம் மேசையை அழுத்துவது. மேலே கிளம்பும் மின்தூக்கிக்குள் அதே மேசையை வைத்தால் தாங்கும் விசை எடையைவிட அதிகமாகிவிடும். அவை மூன்றாம் விதியின் இணையாக இருந்திருந்தால் அது நடக்கவே முடியாது. புத்தகம் அசையாமல் இருப்பது தொகுபயன் விசை சுழியாக இருப்பதால். அது முதல் இரண்டு விதிகளின் கணக்கு.

இத்தனைக்கும் பெட்டியில் மூன்றாம் விதியை அழகாகக் காட்டும் கருவி இருக்கிறது. ஒரு வண்டியின் முகப்பில், உள்ளே அழுத்திப் பூட்டக்கூடிய வில் தண்டு உள்ளது. தடத்தின் அடியில் வைத்த நோட்டுகளை உருவிவிட்டு, ரசமட்டம் பார்த்து மட்டமாக்கி, இரண்டு வண்டிகளையும் ஒட்டி வைத்துப் பூட்டைத் தட்டினால் அவை எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. ஒரு வண்டியின் மேல் ஐந்து கற்களை ஏற்றி 500 கிராமாக்கினோம். பெற்ற உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கி வருவது) இரண்டுக்கும் சமம் என்பதால், இலகுவான வண்டி இருமடங்கு வேகத்தில் போக வேண்டும். அதற்கு 40 சென்டிமீட்டரும் கனமானதற்கு 20 சென்டிமீட்டரும் ஓட இடம் விட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் முனைகளில் மோத வேண்டும். மோதல் சத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டது; கனமான வண்டி ஒரு நொடிப்பொழுது பிந்தியது. உராய்வு இரண்டின் வேகத்தையும் ஒரே வீதத்தில் குறைக்கிறது. குறைந்த வேகத்தில் கிளம்பியதற்கு அந்த இழப்பு விகிதத்தில் பெரிது. வில் உள்ள வண்டிதான் மற்றதைத் தள்ளியதோ என்று, கற்களை இன்னொரு வண்டிக்கு மாற்றி வைத்துப் பார்த்தாள். வில் எந்த வண்டியில் இருந்தாலும் விளைவு மாறவில்லை. இந்தச் சோதனைக்குக் கையேடு ஒதுக்கியிருப்பது நான்கு வரி.

இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டி இழுத்து, இரண்டும் ஒரே அளவு காட்டுவதைப் பார்ப்பதுதான் இந்த விதிக்கு மிக எளிய சோதனை. பெட்டியில் ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெரு ஸ்டேஷனரி கடையில் 180 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கினேன்.

கையேட்டின் பிழைகளைப் பட்டியலிட்டு விற்பனையாளருக்கு எழுதினேன். தராசு பழுதாக இருந்தால் மாற்றித் தருவதாக இரண்டே நாளில் பதில் வந்தது. பிழைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. அருகில் உட்கார்ந்து கணக்குப் போட ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்கும், ஆய்வகம் இல்லாத சிறிய பள்ளிக்கும் இந்தப் பெட்டியை வாங்கச் சொல்வேன்; பிள்ளை தனியாகப் படித்துச் செய்துகொள்ளட்டும் என்று வாங்கிக் கொடுப்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன். ஸ்லோ மோஷன் வசதியுள்ள கைபேசி, பேரிங் வைத்த கப்பி, கூடுதலாக ஒரு தராசு ஆகியவற்றையும் சேர்த்தே செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டியின் கையேட்டில், முடுக்க அட்டவணையில் 250 என்றிருந்த இடத்தையெல்லாம் பென்சிலால் அடித்து 300 என்று எழுதியிருக்கிறாள். புத்தகமும் மேசையும் உள்ள படத்தின் அடியில், கீழே ஒரு பெரிய வட்டம் போட்டு ‘பூமி’ என்று எழுதி, அதிலிருந்து மேல்நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்திருக்கிறாள்.